டியர் சண்முகவேல்

"தங்கச்சி, அந்தப் பொம்பள என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டா!"

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு அடுப்படியில் நிற்கிறேன். குக்கர் விசில் அடிப்பேனா மாட்டேனா என்று அடம்பிடித்துக்கொண்டிருக்கிறது. போனில் ராஜபாளையத்திலிருந்து சண்முகவேல் அண்ணாச்சி. தெருமுனை வரை கேட்கும்படி பேசுகிற மனிதர். அன்று குரல் உள்ளே போயிருந்தது.

"எந்தப் பொம்பள அண்ணாச்சி?"

"அயர்லாந்துக்காரி."

அடுப்பை அணைத்துவிட்டேன். ராஜபாளையத்துக்குள் ஒரு வாய்ச்சண்டை என்றால் புரிந்துகொள்ளலாம். அயர்லாந்திலிருந்து ஒரு அம்மாள் எதற்கு இவரிடம் வம்புக்கு வரவேண்டும்?

அண்ணாச்சி யாரென்று சொல்லிவிடுகிறேன். என் பள்ளித்தோழி ராஜேஸ்வரியின் கணவர். ராஜபாளையத்தில் தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்கிறார். எப்போதோ ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முழங்காலில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டீர்களே — அது அவர் தறியில் நெய்ததாகக்கூட இருக்கலாம். உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஏனென்றால் அவர் துணியை மொத்தமாக வாங்குகிற மதுரை வியாபாரி, பெட்டியில் தன் கம்பெனிப் பேரை அடித்துத்தான் வெளியே அனுப்புவார்.

இந்த வருஷம்தான் நேரடியாக ஒரு வெளிநாட்டு வாடிக்கை வாய்த்தது. அயர்லாந்தில் ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் சப்ளை செய்கிற சின்னக் கம்பெனி; அதுவரை மதுரை வியாபாரி வழியாகத்தான் இவர் துணியை வாங்கிக்கொண்டிருந்தது. அங்கே கொள்முதல் பார்க்கிற அம்மாள் பெயர் ஃபியோனா. சாம்பிள் போய், பிடித்துப்போய், வருஷ ஆர்டர் உறுதியாக வேண்டிய கட்டம். உறுதியானால் பெட்டியில் முதல் தடவையாக அண்ணாச்சியின் பெயர் அச்சாகும். தவறினால் பழையபடி மதுரைப் பெட்டிதான்.

அந்த ஃபியோனாதான் கடைசி மெயிலில் "டியர் சண்முகவேல்" என்று ஆரம்பித்துவிட்டார்.

"மொட்டையா, தங்கச்சி! மிஸ்டர் இல்ல, சார் இல்ல. முடிக்கும்போது 'பெஸ்ட், ஃபியோனா'ன்னு முடிச்சிருக்கா. என்ன பெஸ்ட்டு? யாரு பெஸ்ட்டு?"

"அதுக்கு முன்னாடி எப்படி எழுதுனாங்க?"

"மொதல்ல டியர் சார். பொறவு டியர் மிஸ்டர் சண்முகவேல். இப்ப வெறும் சண்முகவேல். படிப்படியா எறக்கிட்டா பாத்தியா... துணியில ஏதோ கொறை கண்டுபிடிச்சிட்டா. எனக்கு நல்லாத் தெரியுது."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக்கூடாது. மறுமுனையில் ஒரு பெருமூச்சு வந்தது.

எனக்கு எதற்கு போன் வந்தது என்று நீங்கள் கேட்கலாம். நான் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸில் கடிதப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வருகிற கடிதங்களை வாசிப்பதும் அதற்கு இங்கிலீஷில் பதில் எழுதுவதும்தான் உத்தியோகம். கூமாப்பட்டியிலிருந்து ஒருவர் "ரெஸ்பெக்டட் இன்சூரன்ஸ்" என்று ஆரம்பிப்பார். வ. புதுப்பட்டிக்காரர் ஒருவர், ஆணா பெண்ணா என்று தெரியாத அதிகாரிக்கு எதற்கு வம்பு என்று, "சார் மேடம் சார்" என்று போட்டிருந்தார். நான் பதிலுக்கு எல்லோருக்கும் "டியர் சார்" போடுவேன். ஆள் பேர் தெரியாவிட்டால் கீழே "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி", பேர் தெரிந்தால் "யுவர்ஸ் சின்ஸியர்லி". இந்த ஒரு விதியைத் தெரிந்து வைத்துக்கொண்டு இந்த வட்டாரத்தில் இங்கிலீஷ் மேதை என்று பேர் வாங்கிவிட்டேன். நீங்களும் நம்பித்தானே இந்தப் பத்தியை வாசிக்கிறீர்கள்?

சாயங்காலம் பஸ் ஏறி ராஜபாளையம் போனேன்.

யூனிட்டுக்குள் நுழையும்போதே தறிச் சத்தம் காதை அடைக்கும். ஆபீஸ் ரூம் கதவைச் சாத்தினால்தான் மனுஷக் குரல் கேட்கும். வாசலில் கட்டியிருக்கிற வெள்ளை நாயின் பெயர் டைகர். கம்ப்யூட்டரில் மெயில் பார்க்கிற பெண் ஜெசிந்தா. தறி மேஸ்திரியிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை அங்கே எல்லோருக்கும் பெயர் உண்டு, எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பெயர் இல்லாத ஒரே ஆள் முதலாளிதான்.

யோசித்துப் பார்த்தேன். வேலையாட்களுக்கு முதலாளி. பஜாரில் அண்ணாச்சி. பிள்ளைகளுக்கு அப்பா. மச்சினன்மாருக்கு அத்தான். எனக்கும் அண்ணாச்சி. ராஜேஸ்வரிக்கோ நேரில் "ஏங்க", பின்னால் "அவிய". கரண்ட் பில்லில் பேர் இருக்கிறது, கல்யாணப் பத்திரிகையில் அடிக்கிறார்கள். ஆனால் வாயால் சொல்ல ஆள்? டைகர் ஒரு நாளைக்குக் கேட்கிற அளவுக்கு அவர் தன் பெயரை ஒரு வருஷத்தில் கேட்டிருக்க மாட்டார்.

நம் பக்கத்து மரியாதை அப்படி. ஒருவருடைய அந்தஸ்து உயர உயர அவர் பெயரைப் பத்திரமாக எடுத்து பீரோவில் பூட்டிவிடுவோம்.

"அண்ணாச்சி, இது கோவம் இல்ல. நெருக்கம்" என்றேன். "பழகிட்டா அவங்க ஊர்ல பேர் சொல்லித்தான் எழுதுவாங்க. அவங்களுக்கு உங்களைப் பிடிச்சுப்போச்சுன்னு அர்த்தம். நீங்களும் 'டியர் ஃபியோனா'ன்னு எழுதிருங்க. அம்புட்டுதான்."

அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"ஊரான் வீட்டுப் பொம்பளைய டியர்னு எழுதச் சொல்லுதியா?"

இந்த இடத்தில் ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பல மாத வேதனை இருந்தது. முதல் கடிதத்திலிருந்தே இந்த "டியர்" பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறதாம். அவள் டியர் என்று அடிப்பாள், முதலாளி அழிக்கச் சொல்வார். ரெஸ்பெக்டட் மேடம் என்று மாற்றுவாள். உள்ளே "யுவர் குட் செல்ஃப்" ஒன்று, "கைண்ட்லி" இரண்டு சேர்க்கச் சொல்வார். கடைசியில் "யுவர்ஸ் ஒபீடியன்ட்லி". காய்ச்சல் லீவுக்கு ஹெட்மாஸ்டருக்கு எழுதினோமே, அதே வார்த்தை!

"மேம், நீங்களே சொல்லுங்க" என்றாள் ஜெசிந்தா. "ஒபீடியன்ட்லின்னு போட்டா அவங்க நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

"பணிவான ஆளுன்னு நெனைப்பா. வேற என்னத்த நெனைப்பா?" என்றார் முதலாளி.

நான் வகுப்பு எடுத்தேன். டியர் என்றால் அங்கே ஒன்றும் கிடையாது, நம் "அன்புள்ள" மாதிரிதான், முனிசிபாலிட்டிக்கு எழுதினாலும் டியர்தான் என்று விளக்கினேன். அண்ணாச்சி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சூடாக டீயும் வடையும் வரவழைத்தார். "நீ சொன்னா சரிதான் தங்கச்சி" என்று பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டார். வந்த வேலை முடிந்த திருப்தியில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன்.

ஒருவர் நாம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, வடையும் வாங்கிக்கொடுத்தால் என்ன அர்த்தம்? கேட்கப்போவதில்லை என்று அர்த்தம். இந்த வயசுக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

நான் பஸ் ஏறியதும் அவர் நேராக ஆபீஸுக்குத் திரும்பி, மொத்த மரியாதையையும் இறக்கி ஒரு மெயில் அனுப்பியிருக்கிறார். "மோஸ்ட் ரெஸ்பெக்டட் மேடம்" என்று தொடங்கி, எங்கள் தரப்பில் பிழை ஏதும் நேர்ந்திருந்தால் பெருந்தன்மையோடு பொறுத்தருள வேண்டும் என்று நடுவில் கும்பிட்டு, முடிவில் ஒபீடியன்ட்லிக்கு முன்னால் ஒரு "மோஸ்ட்" வேறு. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அடுத்த வாரம் எங்கள் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. அண்ணாச்சி இறங்கினார். முகமெல்லாம் பல். கையில் பால்கோவா டப்பா.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பால்கோவா வாங்கிவருகிற மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். எங்கள் தெருமுனைக் கடையில்தான் வாங்கியிருக்கிறார். சூடு ஆறவில்லை.

"தங்கச்சி, மரியாதை திரும்பி வந்துருச்சு!"

போனை நீட்டினார். வாசித்தேன். ஃபியோனாவின் பதில். "டியர் சார்" என்று ஆரம்பித்திருந்தது. உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் அணுகுமுறையில் உங்களுக்குச் சங்கடம் இருந்தால் வருந்துகிறோம். பழையபடி உங்கள் மதுரை முகவர் வழியாகவே தொடர்பு இருக்கட்டும் என்று நீங்கள் நினைத்தால் தெரிவிக்கவும், ஆர்டரை அதுவரை நிறுத்தி வைக்கிறோம். கீழே "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி". ஃபியோனா என்ற பேர்கூட இல்லை. பர்ச்சேஸ் மேனேஜர் என்று பதவிதான் இருந்தது.

ஆர்டரை நிறுத்தி வைக்கிறோம் என்ற வரியை மறுபடி வாசித்தேன்.

"பாத்தியா?" என்றார் அண்ணாச்சி, பால்கோவாவை என் வீட்டுக்காரருக்கு ஊட்டாத குறையாக. "நான் கொஞ்சம் எறங்கிப் போனதும் அவளும் எறங்கி வந்துட்டா. டியர் சார்! மரியாதை குடுத்தா மரியாதை வருதுல்ல?"

"அண்ணாச்சி, கீழ உள்ளதை வாசிச்சீகளா?"

"அது என்னமோ மதுரைன்னு போட்டிருந்துச்சு. நம்ம ஊர்ப்பக்கத்த எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கா, கெட்டிக்காரி."

எப்படிச் சொல்வது? அயர்லாந்துக்காரி ஒரு மனிதரிடம் சிநேகமாகப் பேர் சொல்லிப் பேசியிருக்கிறாள். பதிலுக்கு அந்த மனிதர் கும்பிட்டு, குனிந்து, பத்தடி தள்ளி நின்றுவிட்டார். அவள் என்ன நினைப்பாள்? வேண்டாம் என்கிறார் என்றுதான் நினைப்பாள். அவளும் மரியாதையாக விலகிக்கொண்டிருக்கிறாள். இவர் அதைக் கொண்டாடப் பால்கோவா வாங்கி வந்திருக்கிறார்.

இலக்கணமாக விளக்கினால் இவருக்கு ஏறாது. போன வாரமே பார்த்தாயிற்றே. செத்த நேரம் யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"அண்ணாச்சி, வீட்ல ராஜேஸ்வரி உங்களை எப்படிக் கூப்பிடுவா?"

"ஏங்கன்னுதான். என்ன திடீர்னு?"

"சண்டைன்னா?"

அண்ணாச்சியின் கை டப்பாவுக்குள் அப்படியே நின்றது.

"சண்டைன்னா..." குரல் இறங்கியது. "முதலாளிம்பா."

"எப்படி?"

"'முதலாளிக்குச் சாப்பாடு எடுத்து வச்சிருக்கு. முதலாளிக்கு நேரம் இருந்தா வந்து சாப்பிடலாம்.' ஒரு தடவை அவ தம்பி வீட்டு விசேஷத்துக்கு நான் போகல. ஒரு வாரம் முதலாளிதான். தட்டைக்கூட ரெண்டு கையாலயும் பிடிச்சு, குனிஞ்சு வச்சா தங்கச்சி. எனக்குச் சோறு எறங்கல."

"மரியாதை கூடிருச்சுன்னு அன்னைக்கு பால்கோவா வாங்கினீகளா?"

என் வீட்டுக்காரர் இருமினார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கினார். "டியர் சார்" என்ற அந்த வரியை உற்றுப் பார்த்தார். முகத்திலிருந்த வெளிச்சம் அப்படியே வடிந்தது.

"அப்ப இவ... என்னைய முதலாளின்னுட்டாளா?"

"ஆமா அண்ணாச்சி."

"தட்டை ரெண்டு கையாலயும் வச்சிருக்காளா?"

"ஆமா."

"அய்யோ" என்று ஸோஃபாவில் உட்கார்ந்தார். "நான்தான மொதல்ல அவளுக்கு அப்படி வச்சேன்."

பாவமாக இருந்தது. கேலி செய்ய வாய் வரவில்லை. அவர் ஒன்றும் தப்பான மனிதர் இல்லை. தனக்குத் தெரிந்த ஆகப்பெரிய மரியாதையை அனுப்பியிருக்கிறார், அது கதவைச் சாத்துகிற சத்தமாகப் போய் விழுந்திருக்கிறது. கவனித்தால் இது இங்கிலீஷில் மட்டும் நடக்கிற விஷயமா? நம் வீடுகளில் யாராவது திடீரென்று "வாங்க, உக்காருங்க, சௌக்கியமா?" என்றால் நமக்கு அடிவயிறு கலங்குவதில்லையா? கூடப் படித்தவள் "ஏட்டி" போட்டுத் திட்டும்வரை பயமில்லை. "சொல்லுங்க மேடம்" என்றால்தான் நாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்கத் தொடங்குவோம்.

மறுநாள் மறுபடியும் பஸ், மறுபடியும் தறிச் சத்தம், மறுபடியும் டைகர். இந்தத் தடவை நான் கையோடு ஒரு பதில் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அழகான இங்கிலீஷ். தவறான புரிதலுக்கு வருந்துகிறோம், வர்த்தக உறவு மேம்பட விழைகிறோம், இத்தியாதி. முப்பது வருஷ ஆபீஸ் சர்வீஸ் அதில் மணந்தது.

அண்ணாச்சி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா இதுவும் ரெண்டு கையாலதான வைக்கிற மாதிரி இருக்கு?"

தாளை மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டேன்.

"நான் சொல்லுதேன், ஜெசிந்தா அடிக்கட்டும்" என்றார். "மேல எப்படி ஆரம்பிக்க?"

"டியர் ஃபியோனா" என்றோம் நானும் ஜெசிந்தாவும் ஒரே குரலில்.

"ஃபியோனா சிஸ்டர்னு போட்டா?"

"அவங்க கன்னியாஸ்திரி இல்லையே முதலாளி" என்றாள் ஜெசிந்தா.

"பேருக்குப் பின்னால ஒரு 'ஜி'?"

"அண்ணாச்சி..."

"சரி சரி. நான் வெளிய நிக்கேன். அந்த வரியை அடிச்சு முடிச்சிட்டுக் கூப்பிடுங்க."

நிஜமாகவே போய் வாசலில் டைகர் பக்கத்தில் நின்றுகொண்டார். உள்ளே ஏதோ ஆபரேஷன் நடக்கிறது போல. ஜெசிந்தா "டியர் ஃபியோனா, கமா" என்று அடித்து, திரையைக் கொஞ்சம் மேலே தள்ளி, அந்த வரி கண்ணில் படாதபடி வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். வந்து உட்கார்ந்தார். தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.

"எங்க ஊர்ல என்னைய யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. அது மரியாதை. மூத்தவங்கதான் கூப்பிடுவாங்க. கடைசியா எங்க பெரியண்ணன் கூப்பிட்டாரு. அவரும் போய்ச் சேந்துட்டாரு. நீங்க திடீர்னு பேரைப் போட்டு எழுதவும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. உங்களுக்குக் கோவம்னு நெனைச்சேன். அதான் அந்த லெட்டரு. இப்ப யோசிச்சா, அது கோவம் இல்லன்னு தெரியுது. எனக்கும் கோவம் இல்ல. பேர் கேட்டுப் பழக்கம் விட்டுப்போச்சு, அம்புட்டுதான். இனிமே நீங்க அப்படியே எழுதுங்க. எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. துணியை நல்லா நெய்து தாரேன்."

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஜெசிந்தா கீபோர்டில் கை வைத்தபடி அப்படியே இருந்தாள். நான் டீயை எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

"மேம்... 'பழக்கம் விட்டுப்போச்சு'க்கு என்ன போட?" என்றாள்.

"ஐ ஆம் அவுட் ஆஃப் ப்ராக்டிஸ்" என்றேன். அந்த மெயிலில் நான் கொடுத்த ஒரே இங்கிலீஷ் அதுதான்.

"முடிவுல என்ன போட முதலாளி? ஒபீடியன்ட்லியா?"

"அவ என்ன போட்டிருந்தா, என் பேரைப் போட்டு எழுதுன லெட்டர்ல?"

"பெஸ்ட்."

"அதையே போடு. யாரு பெஸ்ட்டோ, ரெண்டு பேருமே இருந்துட்டுப் போறோம்."

"கீழ உங்க பேரு, அதுக்கும் கீழ மேனேஜிங் புரொப்ரைட்டர்..."

அண்ணாச்சி திரையை எட்டிப் பார்த்தார்.

"பேர் மட்டும் போதும்" என்றார்.

மெயில் போனது. நான் ஊர் திரும்பினேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஆர்டர் போய்விட்டால்? ஒரு வியாபாரக் கடிதத்தில் பெரியண்ணன் செத்ததையெல்லாம் எழுத விட்டுவிட்டோமே, படித்தவள் பக்கத்தில் இருந்தும் தடுக்கவில்லையே என்று ராஜேஸ்வரி கேட்டால் என்ன சொல்வது? என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். கல்யாணமான நாளிலிருந்து என்னை "இந்தா" என்று மட்டுமே கூப்பிடுகிறவர் அவர். "இந்தா, உன் பேர்ல வந்த ஆர்டரா அது? பேசாம இரு" என்றார்.

மூன்றாம் நாள் காலை போன். ராஜேஸ்வரி.

"ஏட்டி!" என்றாள். அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு உயிர் வந்தது. மேடம் என்று சொல்லவில்லையே!

"பதில் வந்துச்சா?"

"நேத்து சாயங்காலமே வந்துருச்சு. அவிய யூனிட்ல இருந்து வந்து ஊஞ்சல்ல உக்காந்திருந்தாவ. போன்ல டிங்குன்னு சத்தம். 'கண்ணாடியை யூனிட்லயே விட்டுட்டு வந்துட்டேன், நீ கொஞ்சம் வாசி'ன்னு என்கிட்ட நீட்டினாவ."

ஒன்று சொல்லவேண்டும். ராஜேஸ்வரி எங்கள் வகுப்பில் இங்கிலீஷ் ரீடிங்கில் முதல். டீச்சர் புதுப் பாடம் ஆரம்பித்தால் அவளைத்தான் எழுப்பி வாசிக்கச் சொல்வார். மணி அடித்தமாதிரி வாசிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் குரலுக்கு மருந்துச் சீட்டும் வாஷிங் மெஷின் விவரப் புத்தகமும்தான் கிடைத்தன.

"வாசிச்சியா?"

"வாசிச்சேன். 'டியர்'னு வாசிச்சேன். நின்னுட்டேன்."

"ஏன்?"

"ஏட்டி, அடுத்த வார்த்தை அவிய பேரு!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"'பொறவு?'ன்னு கேக்காவ. 'உங்க பேரு போட்டிருக்கு'ன்னேன். 'வாசி'ன்னாவ. 'நான் எப்படி வாசிப்பேன்?'னேன். 'லெட்டர்ல உள்ளதைத்தான வாசிக்கச் சொல்லுதேன், அது உன் வாய்ல இருந்தா வருது? அயர்லாந்துல இருந்துல்லா வருது'ன்னாவ."

"சரி, பொறவு?"

"சாமி ரூம் பக்கம் ஒரு தடவை பாத்துக்கிட்டேன். வாசிச்சேன்."

"எப்படி வாசிச்சே? எனக்கு ஒரு தடவை சொல்லு."

"போடி! உனக்கு எதுக்குச் சொல்லணும்?"

குரலில் வெட்கம். இந்த வயசில்!

"ஊஞ்சல் நின்னுபோச்சு. நான் மேல வாசிச்சேன். அந்தம்மா நல்ல மனுஷி. உங்க லெட்டரை ஆபீஸ்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன், எங்களுக்கும் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு, இனிமே தைரியமா உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுதோம்னு எழுதியிருந்தா. ஆர்டர் உறுதி. பெட்டியில உங்க பேரையே போட்டு அனுப்புங்கன்னும் எழுதியிருந்தா."

"அண்ணாச்சிக்குத் தலைகால் புரிஞ்சிருக்காதே! என்ன சொன்னாவ?"

"என்னத்தச் சொன்னாவ... 'சரியா காதுல விழல, மொதல்ல இருந்து வாசி'ன்னாவ. திரும்ப வாசிச்சேன். முடிக்கவும் மறுபடி 'மொதல்ல இருந்து'. சாப்பிட்டு முடிச்சிட்டு ஒரு தடவை. எம்புட்டு ஆர்டருன்னு இன்ன வரைக்கும் கேக்கலட்டி!"

"கண்ணாடி இல்லாம மனுஷன் ரொம்பத்தான் தவிச்சுப்போயிட்டாரு போல" என்று நான் வம்பிழுத்தேன்.

ராஜேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள்.

"கண்ணாடி அவிய சட்டைப் பையிலதான் இருந்துச்சு. நான் மொதல்லயே பாத்துட்டேன்."

"பாத்துட்டுமா வாசிச்சே?"

"ஆமா" என்றாள். "அதான் மெதுவா வாசிச்சேன்."